‘நான் யார்?’: எந்தக் குரலில் வாசிப்பது?

1902-ஆம் ஆண்டு. தென்னாற்காடு மாவட்ட வருவாய்த் துறையில் வேலை பார்த்துவந்த சிவப்பிரகாசம் பிள்ளை திருவண்ணாமலை மலைமேல் இருக்கும் விரூபாட்ச குகைக்கு வந்தார். கல்லூரியில் தத்துவம் படித்தவர். குகையில் இருந்தவருக்கு அப்போது வயது 22. ஆறு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பி, 1896 செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் சன்னிதிக்கு வந்து சேர்ந்தவர். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று பெயர் பெற்றவர். மௌன விரதம் என்று அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பேசத் தோன்றவில்லை, பேசவில்லை. பிள்ளை வாய்விட்டுக் கேட்டார். ரமணர் மணலில் விரலால் எழுதிக் காட்டினார், சிலேட்டிலும் எழுதினார். முதல் கேள்வியே ‘நான் யார்?’ என்பதுதான்.

அந்தக் கேள்வி பதில்கள் 1923-இல் அச்சேறின. இன்றைக்குப் பல மொழிகளில் கிடைக்கின்றன. செங்கம் சாலையில் இருக்கும் ரமணாசிரமத்திலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் சத்சங்கங்களிலும் யாராவது ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றியிருப்பவர்களுக்காக உரக்க வாசிப்பது வழக்கம். கேட்டவரின் குரல் போய்விட்டது. பதில் சொன்னவருக்கு அன்று குரலே இல்லை. ஆக, இரண்டு பேருக்கும் குரல் தரவேண்டிய பொறுப்பு வாசிப்பவர் தலையில் விழுகிறது. கேள்வியை எந்தத் தொனியில் கேட்பது? பதிலை எந்தத் தொனியில் சொல்வது? பேச்சுப் பயிற்சி ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் போலத் தோன்றினாலும் இதற்குள் ஓர் ஆன்மிகக் கேள்வி இருக்கிறது. அடுத்தவர் சொன்ன ‘நான்’ என்ற சொல்லை ஒருவர் தன் வாயால் சொல்லும்போது அங்கே பேசுவது யார்?

ரமணரின் உரையாடல்களில் பெரும்பகுதி நமக்கு ஆங்கில வழியாகத்தான் கிடைத்தது. 1935 மே மாதம் முதல் 1939 ஏப்ரல் வரை ஆசிரமக் கூடத்தில் நடந்த பேச்சுகளை முனகால வெங்கடராமையா குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். ரமணர் பெரும்பாலும் தமிழில் பேசினார். வந்தவருக்கு ஏற்பத் தெலுங்கிலும் மலையாளத்திலும் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்காக அங்கேயே ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்வார்; பல நாள் அந்த வேலையையும் வெங்கடராமையாவே செய்தார். அவர் எழுதிவைத்தது ஆங்கிலத்தில். 1955-இல் அது ‘டாக்ஸ் வித் ஸ்ரீ ரமண மகரிஷி’ என்ற பெயரில் நூலாயிற்று. பிறகு தமிழுக்கும் வந்தது. ஆகவே அந்தத் தமிழ் நூலில் ரமணரின் பதிலை வாசிக்கும் தமிழர், ரமணர் தமிழில் சொல்லி, ஆங்கிலத்துக்குப் போய், மறுபடி தமிழுக்குத் திரும்பிவந்த வாக்கியத்தை வாசிக்கிறார். 1931-இல் வந்துபோன பால் பிரண்டன், தம் உரையாடலை 1934-இல் வெளிவந்த ‘எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா’ நூலில் நாவல் போலவே எழுதினார்: மேற்கோள் குறிக்குள் பேச்சு, அதன்பின் ‘என்றார் அவர்’, நடுநடுவே மௌனத்தின் வருணனை. ரமணர் நடப்பதையும் அமர்ந்திருப்பதையும் காட்டும் ஊமைப்படங்கள் இருக்கின்றன. குரல் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் பிறர் பேச்சை உரக்க வாசிப்பதற்குத் திட்டமான இசை ஒன்று உண்டு. ஓ’கானரும் ஆர்னால்டும் 1961-லும், ஜே. சி. வெல்ஸ் 2006-லும் எழுதிய நூல்கள் ஆங்கிலத் தொனியை விரிவாக ஆராய்ந்தவை. அந்தத் துறை சொல்வதைச் சுருக்கினால் இப்படி வரும். ஒவ்வொரு சொற்றொடர்க் கூட்டிலும் ஒரு சொல்லின் ஓர் அசைமீது குரல் அழுத்தம் கொடுத்து ஏறும் அல்லது இறங்கும், அதுதான் கரு. கருவுக்குப் பின்வரும் சொற்கள் வால் மாதிரி, தமக்கென்று தொனி இல்லாமல் கருவின் போக்கைத் தொடரும். ‘ஹி செட்’, ‘ஷி ஆஸ்க்ட்’ போன்றவை மேற்கோளுக்குப் பின்னால் வந்தால் அவையும் வால்தான். மேற்கோள் இறங்கி முடிந்திருந்தால் ‘ஹி செட்’ அந்தத் தாழ்ந்த நிலையிலேயே கிடக்கும். ‘இஸ் இட் ரெயினிங்?’ என்று மேற்கோள் ஏறி முடிந்திருந்தால், பின்வரும் ‘ஷி ஆஸ்க்ட்’ என்பதும் அந்த ஏற்றத்திலேயே போகும். கேள்வி கேட்டது கதைமாந்தர். ‘அவள் கேட்டாள்’ என்பது கதைசொல்லியின் கூற்று. ஆனாலும் அதன் தொனி கேள்வியின் தொனியாகவே இருக்கிறது. அந்த ஒரு நொடிக்குக் கதைசொல்லி தன் குரலைக் கதைமாந்தரிடம் ஒப்படைத்துவிடுகிறார்.

அதே ‘ஹி செட்’ முன்னால் வந்தால் கதை வேறு. அப்போது அது மெல்லிய முன்னுரை; குரல் சற்று நின்று, மேற்கோள் புதிய உயரத்தில் தொடங்கும். கேட்பவருக்குக் கண்ணில் மேற்கோள் குறி தெரியாது. அந்தச் சிறு நிறுத்தமும் உயரமாற்றமும்தான் அவருக்கு மேற்கோள் குறி.

தமிழில் பிறர் பேச்சைச் சுட்டும் வினை பின்னால்தான் வரும்: ‘வா என்றான்’, ‘எங்கே போகிறாய் என்று கேட்டாள்’. ‘என்று’ மேற்கோளோடு ஒட்டிக்கொண்டே வரும். நடுவில் மூச்சு விடுவதில்லை. ஆங்கிலத்தின் வாலைப் போல இது குரலில் அமுங்கிப் போவதும் இல்லை, ஏனென்றால் தமிழ் வாக்கியத்தின் முற்றுவினை அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் ஆங்கில நூலை உரக்க வாசிக்கும் தமிழர் பலர் ‘ஹி செட்’ என்பதையும் மேற்கோளுக்குச் சமமான அழுத்தத்தோடு வாசிக்கிறார்கள். பக்கத்தில் அமர்ந்து கேட்கும் வெளிநாட்டவருக்கு, யார் பேசுகிறார் என்பதைவிட ‘பேசினார்’ என்ற செய்தியே பெரிதாகக் கேட்கும். குறை வாசிப்பவரின் அறிவில் இல்லை. தன் மொழியின் நேர்மையான பழக்கத்தை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகிறார், அவ்வளவுதான்.

‘டாக்ஸ்’ நூலில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அங்கே ‘என்றார்’ என்பது பெரும்பாலும் கிடையாது. கேட்பவருக்கு ‘டி’ என்ற ஓர் எழுத்து, மகரிஷிக்கு ‘எம்’ என்ற ஓர் எழுத்து. நாடகப் பிரதி போல. வாசிப்பவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ‘டிவோட்டி’, ‘மகரிஷி’ என்று ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லி வாசிக்கலாம். மிகத் தெளிவு, ஆனால் மூன்றாவது கேள்விக்குள் அது நீதிமன்ற வாக்குமூலம் போல ஆகிவிடும். குரலை மாற்றி மாற்றி வாசிக்கலாம். கேள்விக்கு ஒரு பதற்றக் குரல், பதிலுக்கு ஒரு கனத்த குரல். அல்லது பெயரையும் விட்டு, நடிப்பையும் விட்டு, ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி மட்டும் கொடுத்து வாசிக்கலாம்.

இரண்டாவது வழியில்தான் ஆபத்து அதிகம். மனத்தை அடக்குவது எப்படி என்று ஒருவர் கேட்கிறார். யாருடைய மனம் என்று பதிலுக்கு ஒரு கேள்வி வருகிறது. அந்த நூலில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு இது. பதில்கேள்வியைக் கனத்த குரலில், கடைசியில் அழுத்தி இறக்கி வாசித்தால் அது கண்டிப்பாகவும் கேட்டவரை மடக்கியதாகவும் தொனிக்கும். கூட்டத்தில் சிரிப்புகூட எழும். அப்படி வாசித்தவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆனால் அங்கே இருந்த ஆசிரியரை மாற்றிவிட்டார்.

இந்த இடத்தில் பவணந்தி முனிவரின் நன்னூல் கைகொடுக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான்: வினா ஆறு வகை, விடை எட்டு வகை. தனக்கு விடை தெரிந்தே, மாணவனுக்குத் தெரியுமா என்று அறிய ஆசிரியர் கேட்பது அறிவினா. தெரியாமல், தெரிந்துகொள்ள மாணவன் கேட்பது அறியாவினா. இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்பது ஐயவினா. கொளல், கொடை, ஏவல் என்று மற்ற மூன்று. விடைகளுள் ஒன்று வினாவுக்கு எதிராக வினாவையே விடையாகச் சொல்வது: வினா எதிர் வினாதல். தேர்வுக்காகப் படித்து மறந்துபோன இந்தப் பட்டியலுக்குள் ஆழமான ஓர் அவதானிப்பு இருக்கிறது. ஒரே சொற்களால் ஆன ஒரே வாக்கியம் அறிவினாவாகவும் இருக்கலாம், அறியாவினாவாகவும் இருக்கலாம். ‘இந்தச் செய்யுளுக்குப் பொருள் என்ன?’ என்று ஆசிரியர் கேட்டால் ஒன்று, மாணவர் கேட்டால் மற்றொன்று. எழுத்தில் வித்தியாசம் தெரியாது. கேட்பவரின் நிலையில் இருக்கிறது வித்தியாசம். அது வெளியே தெரிவது குரலில்.

சிவப்பிரகாசம் பிள்ளை 1902-இல் கேட்ட ‘நான் யார்?’ அறியாவினா. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை, தெரிந்துகொள்ளத் தவித்தார். அதே சொற்களை ரமணர் சாதனையாக ஒருவருக்கு எடுத்துக் கொடுத்தபோது அது அறிவினாவா? மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்: குருவுக்கு விடை தெரியும், சீடனைச் சோதிக்கிறார். ஆனால் அறிவினாவுக்கு ஒரு விடை உண்டு, அதைச் சொல்லிவிட்டால் மதிப்பெண் உண்டு. ‘நான் யார்?’ என்பதற்கு வாயால் சொல்லும் விடை எதையும் ரமணர் முடிவாக ஏற்பதில்லை. ‘நான் பிரம்மம்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வதும் ஓர் எண்ணமே என்பது அவர் நிலை. விடை சொல்லி முடிக்கவேண்டிய கேள்வியாக அதை அவர் தரவில்லை. கேட்பவரின் கவனத்தைக் கேட்பவர் மேலேயே திருப்ப அது கருவி. நன்னூலின் ஆறு வகைகளில் எதிலும் அது முழுதாக அடங்குவதில்லை. அப்படியானால் வினா எதிர் வினாதல் என்ற விடை வகைதான் அதற்கு நெருங்கிய உறவு. விடையின் இடத்தில் அமர்ந்த வினா அது. மடக்கும் தொனியில் அதை வாசிப்பது ஏன் தவறு என்பதும் இங்கே விளங்கிவிடும். விடையாகக் கொடுக்கப்பட்ட ஒன்றை அடியாக மாற்றுவது அது.

ஆங்கிலத்தில் ‘நான் யார்?’ எப்படி ஒலிக்கும் என்பதில் ஒரு சுவாரசியம் உண்டு. ‘ஹூ ஆம் ஐ?’ மூன்றே அசை. வினாச் சொல், ‘இருக்கிறேன்’ என்ற வினை, பின் ஒரு பிரதிப்பெயர் என்று வரும் ஆங்கிலக் கேள்விகளில் கரு அநேகமாக நடுவில் இருக்கும் வினைமீதுதான் விழும். ‘ஹௌ ஆர் யூ?’ என்ற அன்றாட விசாரிப்பில் ‘ஆர்’ அழுந்துவதைக் கவனித்தால் புரியும். அதே விதிப்படி ‘ஹூ ஆம் ஐ?’ என்பதில் ‘ஆம்’ அழுந்தும். ‘ஐ’ வாலாகத் தாழ்ந்து போகும். தமிழில் அந்த வினையே கிடையாது. ‘நான்’, ‘யார்’ என்ற இரண்டே சொற்கள். அழுத்தம் இந்த இரண்டில் ஒன்றில் விழுந்தாக வேண்டும். ‘யார்’ அழுந்தினால் அடையாளம் தேடும் கேள்வி. ‘நான்’ அழுந்தினால், மற்றவர்கள் இருக்கட்டும், இந்த நான் யார் என்று தன்மேல் திரும்பும் கேள்வி. ஆங்கிலத்தில் வாசிப்பவர் ‘ஐ’ மீது வேண்டுமென்றே அழுத்தம் கொடுத்தால் ஆங்கிலக் காதுக்கு அது வேறொரு பொருள் தரும்: ‘நான் எம்மாத்திரம்?’ என்பது போன்ற ஒரு பணிவு அல்லது சண்டை.

ஆனால் ‘ஆம்’ அழுந்துவது இழப்பு என்று முடிவுகட்ட முடியாது. ரமணர் விவிலியத்தின் யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தை விரும்பி எடுத்துச் சொன்னவர். எரியும் முட்செடியின் நடுவிலிருந்து பேசிய கடவுளிடம் மோசே பெயர் கேட்கிறார். கிடைக்கும் பெயர், இருத்தலைச் சொல்லும் தன்மை ஒருமை வினை. வேதாந்தம் முழுவதும் விவிலியத்தின் இரண்டு கூற்றுகளில் அடங்கியிருப்பதாக ரமணர் கூறியதை ‘டாக்ஸ்’ பதிவு செய்திருக்கிறது; அவற்றில் ஒன்று இது. ‘நான்’ என்ற உணர்வும் ‘இருக்கிறேன்’ என்ற உணர்வும் அவருக்கு இரண்டல்ல. ஆங்கிலம் தன் இலக்கண வழக்கத்தால் ‘இருக்கிறேன்’ மேல் குரலை வைக்கிறது, தமிழ் ‘நான்’ மேல் வைக்க இடம் தருகிறது. இரண்டு மொழிக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் அமரும் திருவண்ணாமலையில் ஒரே கேள்வி இரண்டு வாசல் வழியாக உள்ளே போகிறது.

மோசேயின் கதையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ‘உன்னை அனுப்பியது யார் என்று ஜனங்கள் கேட்பார்களே’ என்பது மோசேயின் கவலை. தனக்குக் கிடைத்த அந்தப் பெயரையே அவர்களிடம் சொல்லும்படி அவருக்குக் கட்டளை. அதாவது, கடவுள் தன்மை இடத்தில் நின்று சொன்ன ‘இருக்கிறேன்’ என்ற வினையை, மோசே தன் வாயால், தன் குரலில், ஜனங்கள் முன் சொல்ல வேண்டும். சாதாரண அயற்கூற்றில் தன்மை படர்க்கையாக மாறும்: ‘நான் வருகிறேன்’ என்று அவன் சொன்னதைத் ‘தான் வருவதாகச் சொன்னான்’ என்று மாற்றிவிடலாம். இந்தப் பெயரை அப்படி மாற்றினால் பெயரே போய்விடும். மாற்றாமல் சொன்னால், சொல்பவன் தன்னையே குறிப்பதாக ஆகிவிடும். மோசே என்ன தொனியில் அதைச் சொல்லியிருப்பார்? தன்னுடையது அல்லாத ‘நானை’த் தன் நாவில் ஏந்திக்கொண்டு நிற்கும் மனிதனின் சங்கடம் அது. ரமணரின் பதில்களை உரக்க வாசிக்கும் ஒவ்வொருவரும் சிறிய அளவில் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

பழைய மரபுகள் இந்தச் சங்கடத்தை எப்படித் தீர்த்துக்கொண்டன? திருவண்ணாமலையிலேயே விடைகள் கிடைக்கின்றன.

மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது இந்த ஊரில் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்கு அருகே அவருக்குக் கோயில் இருக்கிறது. மார்கழி விடியலில் பெண்கள் ஒருவரை ஒருவர் எழுப்பும் இருபது பாடல்கள். முதல் சில பாடல்கள் வீட்டு வாசலில் நடக்கும் பேச்சு. நான்காம் பாடலில் உள்ளே படுத்திருப்பவள் எல்லோரும் வந்தாயிற்றா என்று விசாரிக்கிறாள். வெளியே நிற்பவர்கள் எண்ணிச் சொல்கிறோம் என்று தொடங்கி, கடைசியில் நீயே வந்து எண்ணிப் பார்த்துக்கொள் என்று முடிக்கிறார்கள். யார் பேசுகிறார் என்று ஓர் இடத்திலும் பாட்டு சொல்வதில்லை. ‘என்றாள்’ கிடையாது, பழைய ஓலைகளில் மேற்கோள் குறியும் கிடையாது. உரையாசிரியர் பிரித்துக் காட்டினால்தான் புதிதாகப் படிப்பவருக்கு விளங்கும். ஆனால் ஓதுவார் பாடும்போது உள்ளிருப்பவளுக்கு ஒரு குரல், வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு குரல் என்று பிரிப்பதில்லை. ஒரே இசை இரண்டு தரப்பையும் சுமந்து செல்கிறது. கேட்கும் பக்தர் தூங்குபவளாகவும் இருக்கலாம், எழுப்புபவளாகவும் இருக்கலாம். கடல் கடந்து தாய்லாந்தில் அரச குடும்பத்துச் சடங்கொன்று ‘திரியம்பவாய்’ என்று இந்தப் பாடலின் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே அதைச் சொல்பவர்களுக்கு யார் யாரை எழுப்புகிறார் என்ற தமிழ் வாசல் பேச்சு மறைந்தே போய்விட்டது, ஓசை மட்டும் நிலைத்தது.

வேத பாராயணமும் அப்படியே. தைத்திரீய உபநிடதத்தின் பிருகு வல்லியில் பிருகு தந்தை வருணனிடம் போய் பிரம்மத்தைக் கற்பிக்கச் சொல்லிக் கேட்கிறார், தந்தை பதில் சொல்கிறார், மகன் தவம் செய்து திரும்பி வருகிறார், மறுபடியும் கேட்கிறார். அங்கே ஒவ்வோர் அசைக்கும் ஏற்ற இறக்கம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. மகன் பேசுகிறான் என்பதற்காகவோ தந்தை பேசுகிறார் என்பதற்காகவோ சுரம் மாறாது. ஓதுபவரின் உணர்ச்சிக்கு அங்கே இடமில்லை.

கேள்வியின் தொனியை அந்த மரபு கவனிக்காமல் விட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பாணினி அஷ்டாத்தியாயியின் எட்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில் குரலை மூன்று மாத்திரைக்கு நீட்டும் இடங்களைத் தொகுத்துச் சொல்கிறார்: தூரத்தில் இருப்பவரை அழைக்கும்போது, வினாவின் முடிவில், இரண்டு சாத்தியங்களை எடைபோட்டுப் பார்க்கும்போது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், படைப்பு எங்கிருந்து வந்தது என்று வியக்கும் 129-ஆம் சூக்தத்தில், கீழே இருந்ததா மேலே இருந்ததா என்ற பொருளில் ஒரு கேள்வி வருகிறது. அதில் இரண்டாம் பாதியின் நீட்டல் தாழ்ந்த சுரத்தில் ஒலிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு தனிச் சூத்திரம் எழுதியிருக்கிறார். ஒரு மனிதன் விடை தெரியாமல் கேட்ட கேள்வியின் குரல் எப்படி ஏறி எப்படி இறங்கியது என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான மரபும் இந்த ஊரில் உண்டு. அதன் உதாரணம் ரமணரே. பேசத் தொடங்கிய பிறகு அவர் கதை சொன்னால் பாத்திரமாகவே மாறிவிடுவார் என்று அருகிலிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1935-இல் வந்து கடைசிவரை இங்கேயே தங்கிவிட்ட மேஜர் சாட்விக்கின் நினைவுகளிலும், 1945 முதல் 1947 வரை நாட்குறிப்பு எழுதிய வழக்கறிஞர் தேவராஜ முதலியாரின் பக்கங்களிலும் இந்த நடிப்பாற்றல் பற்றிய வியப்பு பதிவாகியிருக்கிறது. பெரிய புராணத்தில் உருக்கமான இடம் வந்தால் அவருக்குக் குரல் கம்மிவிடும், கண்ணீர் வரும், மேலே வாசிக்க முடியாமல் புத்தகத்தை வைத்துவிடுவார். சிறுவனாக மதுரையில் அவரை முதலில் உலுக்கிய நூல் அது. அடியார்களின் பேச்சை வாசிக்கும்போது, ‘இது அவர்கள் சொன்னது, நான் வெறுமே சொல்லிக் காட்டுகிறேன்’ என்ற இடைவெளி அவரிடம் இருக்கவில்லை.

ஒரே மனிதர் கதையில் முழுக்க நடித்தார், உபதேசத்தில் துளியும் நடிக்கவில்லை. இது முரண்பாடா? இல்லை என்றே தோன்றுகிறது. அடியாரின் கதையில் உருகியபோது அவர் எந்த அதிகாரத்தையும் ஏற்றுக்கொள்ளவில்லை, தன்னை இழந்தார். பதிலை நடிப்பவரோ ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்: குருவின் குரல் தன்னுடையதாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களின் கனத்தை. பிறர் பேச்சை வாசிப்பதில் இருக்கும் அறம் இங்கேதான் சோதிக்கப்படுகிறது. அழுபவரின் குரலை இரவல் வாங்கினால் கேட்பவருக்கு அருகில் போகிறோம். அறிந்தவரின் குரலை இரவல் வாங்கினால் கேட்பவருக்கு மேலே ஏறிவிடுகிறோம்.

தம் சொற்களைப் பிறர் வாசிக்க ரமணர் கேட்டதும் உண்டு. சூரி நாகம்மா 1945 முதல் தம் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்கள் ஆசிரமத்தின் அன்றாடப் பேச்சுகளைச் சொல்பவை. அவற்றில் பல ரமணரின் முன்னிலையிலேயே கூடத்தில் வாசிக்கப்பட்டன. ‘பகவான் இப்படிச் சொன்னார்’ என்று ஒரு குரல் வாசிக்க, சொன்னவர் எதிரில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் வாசிப்பவருக்குக் கனத்த குரல் எப்படி வரும்? நிஜமான பேச்சாளர் மூன்றடி தள்ளி இருக்கும்போது அவரைப்போல் பேசிக் காட்டத் தோன்றாது. இன்று வாசிப்பவர்களுக்கு அந்தக் கூடத்தின் அமைப்பே நல்ல பயிற்சி: பதிலுக்கு உரியவர் எதிரில் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, அவருக்கே வாசித்துக் காட்டுவது போல வாசித்தால், குரல் தானாக இயல்பான உயரத்துக்கு இறங்கிவிடும்.

‘நான் யார்?’ நூலுக்குத் திரும்புவோம். சிவப்பிரகாசம் பிள்ளையின் வினா விடையை 1920-களில் ரமணர் தாமே கையிலெடுத்துக் கட்டுரையாக மாற்றி எழுதினார். கேட்பவர், சொல்பவர் என்ற பிரிவு போயிற்று, கேள்விகள் உதிர்ந்தன, பத்திகள் ஒன்றோடொன்று இணைந்தன. ஸ்ரீ ரமண நூற்றிரட்டில் இருப்பது இந்த வடிவம். ரமணரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், உரக்க வாசிப்பவருக்கு அதன் விளைவு பெரிது. இரண்டு குரல் வேண்டியிருந்த இடத்தில் ஒன்று போதும். ‘என்று கேட்டார்’, ‘என்று சொன்னார்’ என்ற ஒட்டுகள் இல்லாததால், உள்ளே நிற்கும் ‘நான் யார்’ என்ற கேள்விக்கு உரிமையாளர் என்று யாரையும் சுட்ட முடியாது. வாசிப்பவர் வாயிலிருந்து வரும்போது அது அவருடைய கேள்வி, கேட்பவர் காதில் விழும்போது அவருடையது. திருவெம்பாவையை ஒரே இசையில் பாடும் ஓதுவார் செய்வதை உரைநடையில் செய்த காரியம் இது.

அதனாலேயே வினா விடை வடிவம் தேவையற்றதாகிவிட்டது என்று சொல்வது சரியாகாது. ஆன்மிக வாசிப்பில் பெரும்பாலும் அநியாயத்துக்கு ஆளாவது கேள்வி கேட்டவரின் குரல்தான். பதிலைப் போற்றும் அவசரத்தில் கேள்வியை வேகமாக, தட்டையாக, சில சமயம் லேசான இளக்காரத்தோடுகூட வாசித்துத் தள்ளிவிடுகிறார்கள். அறியாவினா அறியாமையாகத் தொனிக்கிறது. ஆங்கிலத்தில் இது இன்னும் எளிதாக நடந்துவிடும்: வினாச் சொல்லில் தொடங்கும் கேள்விகள் அங்கே வழக்கமாக இறங்கித்தான் முடியும், கொஞ்சம் அலட்சியமாக இறக்கினால் கேட்டவர் விடையில் அக்கறை இல்லாதவர் போல ஆகிவிடுவார். ‘டாக்ஸ்’ நூலில் ‘டி’ என்ற ஒற்றை எழுத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் பலவகை மனிதர்கள்: துக்கத்தோடு வந்தவர்கள், பல நாள் பயணம் செய்து வந்த வெளிநாட்டவர்கள், வாதம் செய்யவே வந்த பண்டிதர்கள். அச்சு அவர்களை ஒரே எழுத்தாக்கிவிட்டது. அவர்களைத் திரும்ப மனிதர்களாக்க வாசிப்பவரிடம் குரல் ஒன்றுதான் இருக்கிறது.

ஆகவே வாசிப்பவர்களுக்கு நடைமுறையில் சில காரியங்களைச் சொல்லலாம். கேள்வியை நிதானமாக, விடை தெரியாதவர் போல, உண்மையிலேயே காத்திருக்கும் தொனியில் வாசிக்க வேண்டும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட வேண்டும். விரூபாட்ச குகையில் அந்த இடைவெளி மணலில் விரல் எழுதி முடிக்கும் நேரமாக இருந்தது. பதிலைக் கேள்விக்கு இணையான உயரத்திலேயே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஹி செட்’ பின்னால் வந்தால் அதைத் தனியாகத் தூக்காமல் மேற்கோளின் வாலாக விட்டுவிட வேண்டும். தமிழில் ‘என்றார்’ என்பதைப் பக்திக்காக இழுக்காமல் இயல்பாக முடிக்க வேண்டும்.

ஒரே அமர்வில் இரண்டு வடிவங்களையும் வாசிக்கும் குழுவுக்குக் கூடுதலாக ஒரு பயன் உண்டு. முதலில் வினா விடை. அதில் தத்துவம் படித்தும் தெளியாமல் 27 வயதில் மலையேறி வந்த ஓர் அரசு ஊழியரின் குரல் கேட்க வேண்டும். 1910-இல் அந்த வேலையையே விட்டு விலகும் அளவுக்கு அந்தக் கேள்வி அவரைப் பிடித்திருந்தது என்பது வாசிப்பவர் நினைவில் இருந்தால் குரலில் அது தானே வரும். பிறகு கட்டுரை. இப்போது பிள்ளையும் இல்லை, பதில் எழுதிய விரலும் இல்லை. அதே ‘நான் யார்’ வருமிடத்தில், மேற்கோள் வாசிக்கும் குரலை வாசிப்பவர் கைவிட்டுத் தமக்காகவே கேட்டுப் பார்க்கலாம். முதல் வாசிப்பில் பிள்ளையின் கேள்வியைப் பிள்ளைக்கு உரியதாக மதித்து வாசித்தவருக்கே இரண்டாவது வாசிப்பில் அதைத் தம்முடையதாக எடுத்துக்கொள்ளும் உரிமை வருகிறது.